மண்ணில் ஓடும் கோ-கார்ட்டைக் குழந்தைக்குப் பழக்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் ஒரு சோளத்தட்டுப் போர் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தங்கை மகள் கோ-கார்ட்டோடு போய் அதற்குள் செருகிக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தி, தட்டை விலக்கி அவளைத் தூக்கியபோது அவள் சொன்ன முதல் வார்த்தை: "மாமா, நான் பிரேக்கைத்தான் மிதித்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருந்தாள். வண்டி நிற்காததால் இன்னும் அழுத்தி மிதித்திருந்தாள். தடத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிரேக் பிடித்திருந்தால் டயர் மண்ணை வழித்துக்கொண்டு போயிருக்கும். இங்கே பின்சக்கரங்கள் மண்ணை வாரிப் பின்னால் இறைத்திருந்தன. எதிரில் இருந்தது தட்டுப்போர் என்பதால் ஒரு சிராய்ப்போடு போயிற்று. பத்தடி தள்ளி கல்கால் வேலி.

தப்பு என்னுடையது. ஸ்டீயரிங்கைத் திருப்பவும் வண்டியை நகர்த்தவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, நிறுத்துவதை "அதோ அந்தப் பெடல்" என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலும் குழந்தைகளுக்குப் பழக்கும்போது வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

வாங்குவதற்கு முன்

கோ-கார்ட் பிறந்தது 1956-இல், கலிபோர்னியாவில். ரேஸ் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்த சின்ன எஞ்சினை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டினார். அந்த வகை வண்டி வழவழப்பான தளத்தில் தரையோடு தரையாக ஓடுவது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் பார்ப்பது அந்தக் குடும்பம். நாம் பேசுவது அதன் முரட்டுத் தம்பியை: பெரிய டயர், சஸ்பென்ஷன், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, மண்ணிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் வண்டி. கியர் கிடையாது. ஸ்கூட்டியைப் போல, எஞ்சின் வேகம் ஏறியதும் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும்.

சாலைக்கு இது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் வாகனம் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத கியரில்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பொது இடம் என்றால் தார்ச்சாலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொதுமக்கள் உரிமையோடு போய்வரும் இடம் எல்லாம் அதில் சேரும். இரு பக்கமும் வேலிக்கு நடுவே போகும் ஊர் இட்டேரியும் அப்படித்தான். எனவே சொந்த நிலம், அடைத்த வேலி, பூட்டிய கதவு.

வயது என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் ஏடிவி ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. ஏடிவி என்பது குதிரை போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாற்சக்கர வண்டி. கவிழ்ந்தால் ஓட்டுபவர் மேலேயே விழும். கூண்டும் பெல்ட்டும் உள்ள கார்ட் அந்த வகையில் மேல். ஆனால் ஆபத்தைக் கணிக்கும் பக்குவம் குழந்தைக்கு இல்லை என்ற அவர்கள் காரணம் இரண்டுக்கும் பொருந்தும். என் அளவுகோல் வேறு. "நில்" என்று சொன்னதும், ஓடிப் பிடித்து விளையாடும்போதுகூட, அந்த இடத்திலேயே நிற்கும் குழந்தையா? அப்படியானால் யோசிக்கலாம். நின்றுகொண்டே "ஏன்?" என்று கேட்டால் இன்னும் நல்லது. மூன்று முறை கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பான் என்றால், பதின்மூன்று வயதானாலும் ஒரு வருடம் பொறுங்கள்.

நிலத்தை நடந்து பாருங்கள்

வண்டியை விட நிலம்தான் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்தும். ஓட்டப்போகும் இடம் முழுவதையும், அதைச் சுற்றி இன்னும் முப்பது அடியையும், நடந்தே பாருங்கள். ஒரு முறை உங்கள் உயரத்தில். இன்னொரு முறை குனிந்து, வண்டியில் உட்காரும் பிள்ளையின் கண் உயரத்தில். இரண்டாவது நடையில்தான் கம்பிகள் தெரியும். மின்கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பி, வேலியின் மேல் வரிசை முள்கம்பி, துணி காயப்போட்ட கம்பி எல்லாம் கூண்டின் திறந்த முன்பக்கம் வழியாக நேரே கழுத்துக்கு வரும் உயரத்தில் இருக்கும்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு சாதாரணம். கிணறு இருக்கும் நிலத்தில், எவ்வளவு தள்ளி இருந்தாலும், நான் பழக்குவதில்லை. மூடாத ஆழ்துளைக் குழாய், தென்னங்கன்றுக்கு எடுத்த குழி, சொட்டுநீர்க் குழாய், மின்வேலி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: வேறு இடம்.

மண்ணையும் பாருங்கள். செம்மண் தரிசு நல்லது. கரிசல் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முன்சக்கரம் வெடிப்பில் இறங்கினால் ஸ்டீயரிங் பிள்ளை கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மழை பெய்தால் அதே மண் களியாகிச் சக்கரத்தை விடாது. வரப்பு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வரப்பில் ஏறினால் சின்ன வேகத்திலேயே கவிழும்.

நாற்பதுக்கு இருபது மீட்டர் இடம் ஆரம்பத்துக்குப் போதும். நடுவில் பழைய டயர்களை இரண்டு குவியலாக வைத்தால் நீள்வட்டத் தடம் தயார். நீங்கள் நிற்கும் இடம் வட்டத்தின் நடுவே, டயர் குவியலுக்குப் பின்னால். வண்டி கட்டுப்பாடு இழந்தால் வெளிப்பக்கம்தான் போகும். அதனால் தாத்தா, பாட்டி, தம்பி, நாய் யாரும் வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது.

வண்டியைத் தயார் செய்தல்

முதலில் ஆக்சிலரேட்டர் பெடலுக்குக் கீழே ஒரு போல்ட். பெடல் எவ்வளவு இறங்கலாம் என்பதை அது தடுக்கும். பல சிறுவர் வண்டிகளில் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை மணி நேர வேலை. பெடலை முழுதாக மிதித்தாலும் நீங்கள் பக்கத்தில் மெதுவாக ஓடிவரும் வேகத்தைத் தாண்டாதபடி போல்ட்டை ஏற்றி வையுங்கள். ஏறத்தாழ மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர்.

இரண்டாவது, எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தச் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் மேக்னெட்டோவில், அதாவது பேட்டரி இல்லாமல் காந்தத்தால் தீப்பொறி தரும் அமைப்பில், ஓடுகின்றன. அதிலிருந்து வரும் கம்பியை வண்டியின் உடலோடு சேர்த்தால் தீப்பொறி நின்றுவிடும். சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். ஆகவே கம்பி எங்காவது அறுந்திருந்தால் சுவிட்ச் வேலை செய்யாது, எஞ்சின் பாட்டுக்கு ஓடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஒவ்வொரு நாளும் பிள்ளை ஏறுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சை இழுத்து, நிற்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கயிற்றை இழுத்தால் தொப்பி கழன்று எஞ்சின் நிற்கும் வகை வாங்குங்கள். ரிமோட்டில் நிற்கும் வகையும் கிடைக்கிறது. அது கூடுதலாக இருக்கட்டும், பேட்டரியை நம்பிப் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, பெடல்கள். தட்டுப்போர் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு பெடலுக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். இடது கால் இடது அறையில், வலது கால் வலது அறையில், தாண்டவே முடியாது. பிரேக் பெடலுக்குச் சிவப்பு அடித்தேன். பிள்ளைகள் அதை "செவப்பு" என்றே கூப்பிடுகிறார்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்துச் சட்டென்று விட்டால் "டக்" என்று திரும்ப வேண்டும். மெல்ல ஏறிவந்தால் கேபிளில் மண் புகுந்திருக்கிறது. அன்று ஓட்டம் கிடையாது. திரும்பும் ஸ்ப்ரிங் இரண்டு இருப்பது நல்லது. பெடலில் கால் வைக்காமலே வண்டி ஊர்ந்தால் ஐடில் வேகம் அதிகம், குறைத்துவிட்டு ஏற்றுங்கள். செயினுக்கும் பின் அச்சுக்கும் விரல் நுழையாத மூடி வேண்டும். புகைக்குழாய்க்கும் உறை வேண்டும்.

வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறைக்காரர், "கவர்னரைக் கழற்றிவிட்டால் பறக்கும் சார்" என்று ஆசை காட்டினார். 196 சிசி, 6.5 குதிரைத்திறன் வகை எஞ்சின்கள் நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றில் கவர்னர் என்ற வேகத்தடுப்பால் கட்டுப்படுத்தப்படுகின்றன. அதைக் கழற்றினால் ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் தாங்காமல் சிதறவும் கூடும், அதுவும் பிள்ளையின் முதுகுக்கு ஓரடி பின்னால். மோட்டாரோடு விளையாடுவது எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. இந்த ஒன்றில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உட்கார வைத்தல்

பெரும்பாலான வண்டிகளில் இருக்கை பெரியது, பிள்ளை சிறியது. முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, பெடலை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். எட்டாவிட்டால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான மெத்தை வைத்துக் கட்டுங்கள். வீட்டுத் தலையணையைச் செருகினால் முதல் குலுக்கலிலேயே நழுவி, பெல்ட் தளர்ந்துவிடும்.

பெல்ட் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு என நான்கு முனையாவது இருக்கட்டும். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பில் தாழ்வாக உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்பட்டையை இறுக்குங்கள். ஹெல்மெட் போட்ட தலை கூண்டுக்குக் கீழே அடங்குகிறதா என்றும் பாருங்கள். மண்தட வண்டி கட்டும் கல்லூரி மாணவர்களின் பாஹா போட்டி விதிகள் ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் இடையே 6 அங்குல இடைவெளி கேட்கின்றன. அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்க்காதீர்கள். கனமான ஹெல்மெட் சின்னக் கழுத்துக்குத் தனி ஆபத்து. அதற்காகவே ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பும் உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வும் 2007-இல் குழந்தைகளுக்கென எடை குறைந்த ஹெல்மெட் தரத்தைக் கொண்டுவந்தன. முகம் முழுதும் மூடுவதாக, அளவு சரியாக, ஆட்டினால் தலையோடு சேர்ந்து ஆடுவதாக இருக்கட்டும்.

தலைமுடியைப் பற்றி ஒரு பத்தி முழுக்கச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கோ-கார்ட் மையங்களிலேயே பின் அச்சில் கூந்தல் சிக்கிப் பெண்கள் இறந்திருக்கிறார்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்ததும், கழுத்துச் சால்வை கார்ச் சக்கரத்தில் சுற்றியதால்தான். அச்சு சுழலும் வேகத்தில் ஒரு முழத் துணி கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். சடையைச் சுருட்டிச் சட்டைக்குள் விட்டு, அதன்மேல் ஹெல்மெட். துப்பட்டா, கழுத்துத் துண்டு, தொங்கும் கயிறு, தாயத்துக் கயிறு உட்பட, எதுவும் கூடாது. முழுக்கை சட்டை, ஜீன்ஸ், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், மாமன் மகனாக இருந்தாலும்.

முதல் நாள்: எஞ்சின் கிடையாது

குழந்தைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

எல்லாம் மாட்டி உட்கார வைத்து, பின்னாலிருந்து தள்ளுங்கள். "நில்" என்றதும் சிவப்பை மிதிக்க வேண்டும். தள்ளுவது, நில், தள்ளுவது, நில். இருபது முறை. பிறகு பேசிக்கொண்டே தள்ளுங்கள், பள்ளிக்கூடத்துக் கதை கேளுங்கள், நடுவில் சட்டென்று "நில்". அடுத்து பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, "சிவப்பு எங்கே?" என்று கேளுங்கள். பார்க்காமலே இடது கால் போக வேண்டும். பயத்தில் எந்தக் குழந்தையும் குனிந்து பெடலைத் தேடுவதில்லை. உடம்புக்குத் தெரிந்ததைத்தான் செய்யும்.

பயந்தால் இரண்டு காலையும் விறைப்பாக நீட்டுவது குழந்தைகளின் இயல்பு. அதை முறிக்க ஒரே ஒரு கட்டளை வைத்திருக்கிறேன்: "கால் எடு." ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் கிளட்ச் விட்டு, வண்டி தானே வேகம் குறையும். "பிரேக் போடு, இடது பக்கம் திருப்பு, பார்த்து" என்று மூன்று பேர் மூன்று விதமாகக் கத்தும் இடத்தில் குழந்தைக்கு எதுவும் கேட்காது. கத்துவது ஒருவர் மட்டும். எஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் சைகையும் வேண்டும்: இரு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் நில், உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக.

கவிழும் பயிற்சியும் இன்றைக்கே. வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றத் தோன்றும். கூண்டுக்கும் தரைக்கும் நடுவே நசுங்குவது அந்தக் கைதான். பெரியவர்கள் இருவர் ஒரு பக்கத்தை ஓரடி உயரம் தூக்குங்கள். பிள்ளை காலை எடுத்து, இரு கையாலும் நெஞ்சுக்கு நேரே பெல்ட்டைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது ஊஞ்சல் மாதிரி. இன்னொரு முறை என்று கேட்பார்கள். தூக்குங்கள், நல்லதுதான். மணிக்கட்டை உள்ளேயே நிறுத்தும் பட்டை கிடைத்தால் அதையும் மாட்டுங்கள்.

கட்டைவிரல் ஸ்டீயரிங்குக்கு உள்ளே சுற்றக் கூடாது, விளிம்பின் மேல் படுத்திருக்க வேண்டும். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி விரலை முறித்துவிடும்.

இரண்டாம் நாள்: கயிற்றோடு

எஞ்சினை நீங்களே கிளப்புங்கள். கில் சுவிட்ச் தொப்பியில் நான்கைந்து மீட்டர் கயிறு கட்டி, கூண்டின் உயரமான இடம் வழியாகக் கொண்டுவந்து கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்காதபடி தளர்வில்லாமல் இருக்கட்டும். பின்னால் சற்றுப் பக்கவாட்டில் நடந்து வாருங்கள். முன்னால் போக வேண்டாம்.

நேர்க்கோடு மட்டும். பத்து மீட்டர் போய் நிற்க வேண்டும். இரண்டு செங்கல்லை அடையாளம் வைத்து, முன்சக்கரம் அதற்கு நேரே நிற்க வேண்டும் என்று போட்டி வையுங்கள். வேகத்தில் போட்டி வைத்தால் அது முடிவில்லாமல் போகும். சரியாக நிற்பதில் வைத்தால் பிள்ளை தானே மெதுவாக ஓட்டத் தொடங்கும். சொல்லாமலே ஒரு தடவை கயிற்றை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள், அப்போது என்ன நடக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஹெல்மெட்டுக்குள் கழுத்தும் கவனமும் ஒன்றாகத் தளரும். காலை ஏழு முதல் ஒன்பது வரை, அல்லது வெயில் சாய்ந்த பிறகு. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

வட்டம் சுற்றுதல்

பத்துக்குப் பத்து முறை செங்கல்லுக்கு நேரே நின்ற பிறகே வளைவு. இங்கே சொல்ல வேண்டியது கண்ணைப் பற்றி. டயர் குவியலைப் பார்த்து ஓட்டும் பிள்ளை டயர் குவியலில்தான் போய் மோதும். வளைவு முடியும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கமாக, தடத்துக்கு உள்ளே டயர் குவியலுக்குப் பின்னால் நின்றபடியே நான் விரலைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்பேன். பதில் வந்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது.

வேகத்தை நேர்ப்பகுதியிலேயே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் வெளியே வழுக்கும். வழுக்கினால் கால் எடு, போக வேண்டிய இடத்தைப் பார், கை தானே திரும்பும். வேண்டுமென்றே வழுக்கிக் காட்டுவதைப் பிள்ளைகள் வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். கற்றுக்கொடுக்க நான் மறுத்துவிடுகிறேன். சரிவு இருந்தால் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், குறுக்கே ஓட்டவோ பாதியில் திரும்பவோ கூடாது.

ஒரு நேரத்தில் ஒரே வண்டி, வண்டியில் ஒரே ஆள். தம்பியை மடியில் வைத்து ஒரு சுற்று என்று பாட்டி கேட்பார். மறுப்பது கஷ்டம்தான்.

போல்ட்டை எப்போது தளர்த்துவது

வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகும். இளகிய மண்ணில் ஏறத்தாழக் கணக்கிட்டால், மணிக்கு 10 கிலோமீட்டரில் பிரேக் பிடித்த பின் ஒரு மீட்டரில் நிற்கும் வண்டி, 20-இல் நான்கு மீட்டரும் 30-இல் ஒன்பது மீட்டரும் எடுக்கும். குழந்தை சுதாரித்துக் காலை மாற்ற ஒரு விநாடி என்று வைத்தாலும் அதோடு முறையே 3, 5.5, 8 மீட்டர் சேரும். ஆக 30-இல் மொத்தம் பதினேழு மீட்டர். என் இருபது மீட்டர் அகலக் களத்தில் அந்த வேகத்துக்கு இடமில்லை என்பது கணக்கிலேயே தெரிகிறது.

எனவே ஒரு வார இறுதிக்குப் போல்ட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் இல்லை. தளர்த்திய அன்று மறுபடியும் செங்கல் போட்டியிலிருந்து தொடங்க வேண்டும். சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்றால் அன்றே போல்ட் பழைய இடத்துக்குப் போகும், திட்டு இல்லாமல், விளக்கம் இல்லாமல். என் தங்கை மகள் ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே சுற்றில் நின்றாள். கோபத்தில் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஏதாவது நடந்துவிட்டால்

கவிழ்ந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். தலைகீழாகத் தொங்கும் பிள்ளை தானே பெல்ட்டைக் கழற்றினால் தலைகுப்புற விழும். பெரியவர் வந்து தாங்கும்வரை அப்படியே இருக்கப் பழக்கியிருக்க வேண்டும். தீயோ பெட்ரோல் கசிவோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே வெளியே எடுங்கள். கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று சொன்னால், தீ இல்லாத வரை, ஹெல்மெட்டைப் பிடுங்காமல், எழுப்பி உட்கார வைக்காமல் 108-ஐ அழையுங்கள். புகைக்குழாயில் சுட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம். பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகு, பிள்ளை இருக்கையில் இல்லாதபோது. தீயணைப்பான் கார் ஷெட்டுக்குள் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வண்டியை நிறுத்தி வைத்தல்

ஓட்டம் முடிந்ததும் பிள்ளையோடு சேர்ந்து மண்ணைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். தளர்ந்த நட்டை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். கையும் சின்னது, கண்ணும் கூர்மை.

சாவியை ஒளித்து வைத்தால் போதாது. கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் பலவற்றுக்குச் சாவியே கிடையாது. பத்து வயதுப் பையன் இரண்டாவது இழுப்பில் கிளப்பிவிடுவான். நான் ஸ்பார்க் பிளக்கையே கழற்றி, அந்தத் துளையில் துணியை அடைத்துவிட்டு, பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை துவைக்கும்போது அது கையில் கிடைத்து மனைவியிடம் பேச்சு வாங்குவது தனிக் கதை.